விண்ட்சர் அரச திருமணத்துக்கு ரயிலில் செல்வோர் கவனத்துக்கு: திரும்பும் வழியை முதலில் தீர்மானியுங்கள்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் விண்ட்சர் கோட்டையில் நடக்கும் அரச திருமணத்தையோ, அதற்கு ஈடாகக் கூட்டம் சேரும் வேறொரு நிகழ்வையோ தெருவில் நின்று பார்க்க விரும்பினால், ரயிலே சரியான வழி. அன்று சாலைகள் மூடப்படும். கார் நிறுத்த இடம் முன்பதிவில் தீர்ந்துவிடும். ஆனால் ரயில் பயணத்துக்கான தகவல் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. ரயில் அறிவிப்பு ஓரிடத்தில், சாலை அடைப்பு வேறிடத்தில், பாதுகாப்புச் சோதனை பற்றியது இன்னோரிடத்தில் என்று தேடி அலைந்து ஒன்றுசேர்த்ததை, அடுத்து வருபவர்கள் அலையக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். 2018 மே 19 அன்று நடந்த இளவரசர் ஹாரி, மேகன் மார்க்கல் திருமணத்தை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வருவார்கள் என்று எதிர்பார்த்தே ஏற்பாடுகள் செய்யப்பட்டன.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போவது எளிது, திரும்புவதுதான் சிக்கல். காலையில் கூட்டம் நான்கைந்து மணி நேரத்துக்குப் பரவலாக வந்து சேரும். ஊர்வலம் முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிலையத்தை நோக்கி நடப்பார்கள். ஆகவே கீழே உள்ள எல்லா முடிவுகளையும் மாலைப் பயணத்தை மனத்தில் வைத்தே எடுங்கள்.

1. இரண்டு நிலையங்களில் உங்களுடையது எது?

விண்ட்சரில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. பெயர்கள் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். ஒன்று விண்ட்சர் அண்ட் ஈட்டன் சென்ட்ரல், மற்றது விண்ட்சர் அண்ட் ஈட்டன் ரிவர்சைடு. இரண்டும் நடந்து போகும் தொலைவில்தான் உள்ளன, ஆனால் அவற்றை இணைக்கும் தண்டவாளம் கிடையாது. இயக்கும் நிறுவனங்களும் வேறு, லண்டனில் போய்ச் சேரும் முனையங்களும் வேறு.

சென்ட்ரலுக்கு கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே வண்டிகள் ஸ்லவ் நிலையத்திலிருந்து வருகின்றன. லண்டன் பேடிங்டனிலிருந்து விரைவு வண்டியில் இருபது நிமிடத்துக்குள் ஸ்லவ் சேரலாம். லண்டனைக் குறுக்காகக் கடக்கும் எலிசபெத் லைன் ரயிலில் வந்தால் அரை மணிக்கு மேல் ஆகும். அங்கே இறங்கி, முதலாம் நடைமேடையிலிருந்து புறப்படும் கிளைப் பாதை வண்டிக்கு மாற வேண்டும். கிளைப் பாதையில் ஓட்டம் ஆறு நிமிடம்தான். இறங்கினால் கோட்டை கண்ணெதிரே நிற்கும். தகவல் பலகைகளில் இந்த வழியே வேகமானதாகத் தெரிவதால் பெரும்பாலானோர் யோசிக்காமல் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதன் கொள்ளளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்தக் கிளை ஒற்றைத் தண்டவாளம், மின்மயமாக்கப்படாதது, விண்ட்சர் முனையில் பயன்பாட்டில் இருப்பது ஒரே நடைமேடை. ஒரு வண்டி போக ஆறு நிமிடம், வர ஆறு நிமிடம், இரு முனைகளிலும் ஆட்கள் இறங்கி ஏறத் தலா நான்கு நிமிடம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் ஆகிறது, அதாவது மணிக்கு மூன்று வண்டிகள். வழக்கமாக ஓடுபவை இரண்டு அல்லது மூன்று பெட்டி கொண்ட டீசல் வண்டிகள். நெருக்கி நின்று ஒரு வண்டிக்கு ஐந்நூறு பேர் ஏறினாலும் மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் போக முடியாது. பெட்டிகளைக் கூட்டலாம், ஓரளவு வேகமாகத் திருப்பலாம், ஆனால் இன்னொரு தண்டவாளத்தை ஒரு நாளுக்காக யாராலும் போட முடியாது.

ரிவர்சைடு நிலையம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நிறுத்தம். லண்டன் வாட்டர்லூவிலிருந்து கிளாப்பம் ஜங்ஷன், ரிச்மண்ட், ஸ்டெயின்ஸ் வழியாக நேரடி வண்டி. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், நடுவில் மாற வேண்டியதில்லை. வழக்கமான நாளில் அரை மணிக்கு ஒரு வண்டிதான், ஆனால் இங்கே பத்துப் பெட்டி வண்டி வந்து நிற்கலாம். நின்றுகொண்டு வருபவர்களையும் சேர்த்தால் ஒரே வண்டியில் ஆயிரம் பேருக்கு மேல் போவார்கள். நடைமேடைகளும் இரண்டு. நிலையத்திலிருந்து கோட்டைக்குச் சற்று ஏற்றமான தெருவில் பத்து நிமிடம் நடக்க வேண்டும்.

என் பரிந்துரை: லண்டனில் எங்கிருந்து வந்தாலும் கூட்ட நாளில் ரிவர்சைடு வழியைப் பாருங்கள். வண்டிக்குள் கூடுதலாகச் செலவாகும் அரை மணி, வரிசையில் மிச்சமாகும் நேரத்துக்கு முன் ஒன்றுமில்லை. டூட்டிங்கில் இருப்பவர்கள் நார்தர்ன் லைன் சுரங்க ரயிலில் கென்னிங்டனுக்கு வந்து, அங்கே மாறி வாட்டர்லூ போகலாம். நியூ மால்டன்வாசிகளுக்குக் கிளாப்பம் ஜங்ஷனே அருகில். ஆனால் வாட்டர்லூவிலேயே நிரம்பிவிட்ட வண்டியில் அங்கே ஏற இடம் இருக்காது, அதனால் சற்றுச் சுற்றானாலும் வாட்டர்லூவுக்கே போய் ஏறுங்கள். ஈஸ்ட் ஹாமிலிருந்து வருபவர்களுக்கு டிஸ்ட்ரிக்ட் லைனில் வைட்சாப்பல் வந்து எலிசபெத் லைனில் ஸ்லவ் போவது கவர்ச்சியாகத் தெரியும். காலையில் அப்படிப் போவதில் தவறில்லை; திரும்பும் வழியைப் பற்றி ஏழாம் பகுதியில் சொல்கிறேன். வெம்ப்ளி, ஹாரோ பக்கத்தினர் பேக்கர்லூ லைனில் பேடிங்டன் வரலாம். ஆனால் அன்று வெம்ப்ளி மைதானத்தில் என்ன நடக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: 2018 திருமண நாளன்று மாலையில்தான் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டமும் அங்கே நடந்தது.

2. கிழமையையும் அன்றைய கால அட்டவணையையும் பாருங்கள்

ஹாரி திருமணம் சனிக்கிழமை. அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று அதே புனித ஜார்ஜ் தேவாலயத்தில் நடந்த இளவரசி யூஜினி திருமணம் வெள்ளிக்கிழமை, அதுவும் காலை 11 மணிக்கு. இந்த வேறுபாடு உங்கள் பணப்பையைத் தொடும். சனி, ஞாயிறுகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் பொதுவாக நாள் முழுவதும் ஆஃப்-பீக் எனப்படும், நெரிசலற்ற நேரத்துக்கான மலிவான கட்டணம் செல்லும். வேலை நாளில் காலை நெரிசல் நேரம் முடியும்வரை முழுக் கட்டணம்தான். 11 மணித் திருமணத்துக்கு நெரிசல் நேரம் முடிந்து புறப்பட்டால் நல்ல இடம் கிடைக்காது. அரச திருமணம் என்றாலே அரசு விடுமுறை என்று எண்ணிவிடாதீர்கள். யூஜினி திருமண நாளில் விடுமுறை அறிவிக்கப்படவில்லை.

திருமணத் தேதி பல மாதம் முன்பே தெரிந்துவிடும். சிறப்பு ரயில்களின் விவரம் அப்படி வருவதில்லை. ஆகவே இப்போது கைப்பேசியில் தெரியும் நேரத்தை நம்பிக் குடும்பத்துக்கே திட்டம் வகுத்துவிட வேண்டாம். நிகழ்வுக்கு முந்தைய வாரத்தில் நேஷனல் ரயில் என்குவயரீஸ் தளத்திலும் இரு நிறுவனங்களின் தளங்களிலும் நிகழ்வுக்கான அறிவிப்பைப் படியுங்கள். முந்தைய இரவு மறுபடி பாருங்கள். ஜூன் மாதத்தில் ராயல் ஆஸ்கட் குதிரைப் பந்தய வாரத்தோடு தேதி மோதினால் வாட்டர்லூவில் இன்னொரு பெருங்கூட்டமும் உங்களோடு நிற்கும், ஏனெனில் ஸ்டெயின்ஸ்வரை இரண்டும் ஒரே பாதை.

3. பயணச்சீட்டு வாங்குதல்

முந்தைய நாளே, போக வர இரண்டுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மாலையில் விண்ட்சர் நிலைய இயந்திரத்தின் முன் இன்னொரு வரிசை நிற்கும். பயணச்சீட்டில் எந்த வழியாக என்று அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். ஸ்லவ் வழி என்று இருந்தால் அதை வைத்துக்கொண்டு ரிவர்சைடில் ஏற முடியாமல் போகலாம். பெருங்கூட்ட நாள்களில் ஒரு நிறுவனத்தின் சீட்டை மற்றது ஏற்பதாக அறிவிப்பதுண்டு. அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகே மாறிப் போங்கள்.

லண்டன் போக்குவரத்துக்கான ஆய்ஸ்டர் அட்டை ஒரு பொறி. எலிசபெத் லைனில் அது வெஸ்ட் ட்ரேட்டன்வரைதான் செல்லும். அதற்கு மேற்கே, ஸ்லவ் உட்பட, செல்லாது. வங்கி அட்டையைத் தட்டிச் செல்லும் கான்டாக்ட்லெஸ் முறையின் எல்லை படிப்படியாக விரிந்துவருகிறது. நீங்கள் போகும் நிலையம் அதற்குள் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வந்தாலும், வங்கி அட்டையில் ரயில்கார்டு எனும் தள்ளுபடி அட்டையின் சலுகை கிடையாது. குழந்தையிடம் ஒரு வங்கி அட்டையைக் கொடுத்துத் தட்டச் சொன்னால் பெரியவர் கட்டணமே பிடிக்கப்படும். குடும்பமாகப் போகிறவர்கள் சீட்டு வாங்குவதே நல்லது.

தகுதியான பயணச்சீட்டு இல்லாமல் பிடிபட்டால் இங்கிலாந்தில் அபராதம் 100 பவுண்டு, அதோடு ஒருவழிக் கட்டணம். 21 நாளுக்குள் கட்டினால் அந்த 100 என்பது 50 ஆகக் குறையும். "ஊருக்குப் புதிது, தெரியாது" என்பதைப் பரிசோதகர் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

செலவைக் குறைக்க:

- ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ஒரு பெரியவர் இருவரை அழைத்துச் செல்லலாம். 5 முதல் 15 வயதுவரை அரைக் கட்டணம்.
- மூன்று முதல் ஒன்பது பெரியவர்கள் சேர்ந்தே போய் வந்தால், ஆஃப்-பீக் நேரத்தில் குரூப்சேவ் என்ற பெயரில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு. அட்டை எதுவும் வேண்டாம், வாங்கும்போது தேர்ந்தெடுத்தால் போதும். நண்பர்களாகப் போகிறவர்கள் பலர் இதை அறியாமல் முழுப் பணம் கொடுக்கிறார்கள்.
- ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ் ரயில்கார்டில் பெரியவருக்கு மூன்றில் ஒரு பங்கும் குழந்தைக்கு 60 சதவீதமும் குறையும். 2025 மார்ச்சில் இதன் ஆண்டு விலை 35 பவுண்டாக உயர்ந்தது. இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆண்டில் நாலைந்து முறை வெளியூர் போகிறவர்கள் வாங்கலாம். வேலை நாள் காலை நெரிசலில் இந்த அட்டை லண்டன் சுற்றுவட்டாரத்தில் செல்லாது.

4. கையில் இருக்க வேண்டியவை

தெருவில் நின்று பார்க்க எந்த அனுமதிச் சீட்டும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. 2018-இல் கோட்டை வளாகத்துக்குள் நின்று பார்க்க 2,640 பேர் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் அனைவரும் தேர்ந்தெடுத்து அழைக்கப்பட்டவர்கள், எவரும் விலைக்கு வாங்கவில்லை. ஆகையால் "திருமண டிக்கெட்" என்று யாராவது விற்க முன்வந்தால் அது மோசடியே.

இணையவழிப் பயணச்சீட்டைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். பெருங்கூட்டத்தில் இணையம் படுத்துவிடும். ரயில்கார்டைக் கைப்பேசியில் வைத்திருப்பவர்கள் அதன் செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும், திரையைப் படம் பிடித்து வைத்தது (ஸ்கிரீன்ஷாட்) செல்லாது. கைப்பேசி அணைந்துவிட்டால் உங்களிடம் சீட்டு இல்லை என்றே பொருள், அதனால் மின்னேற்றும் பவர் பேங்க் ஒன்று அவசியம்.

பெரிய பையோ உருளைப் பெட்டியோ கொண்டுபோகாதீர்கள். 2018-இல் ஊர்வலப் பகுதிக்குள் நுழைய விமான நிலையப் பாணியில் சோதனை வளைவுகளும் மோப்ப நாய்களும் இருந்தன. பை பெரிதானால் உங்கள் நேரமும் பின்னால் நிற்பவர் நேரமும் போகும். குழந்தைகளின் மணிக்கட்டில் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள்.

5. காலையில் புறப்படுதல்

ஹாரி திருமணச் சடங்கு நண்பகல் 12 மணிக்கு, குதிரை வண்டி ஊர்வலம் 1 மணிக்கு. அந்த நேரங்களை வைத்துச் சொன்னால், தடுப்புக் கம்பியை ஒட்டி நிற்க விரும்புகிறவர் முதல் வண்டிகளிலேயே போயிருக்க வேண்டும். அதற்கும் முந்தைய இரவே தெருவில் படுத்துக் கிடந்தவர்கள் உண்டு. பெரிய திரையில் பார்த்தால் போதும் என்பவர் பத்து மணிவாக்கில் விண்ட்சரில் இறங்கினால் போதும். சோதனைக்கும் நடைக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஸ்லவ் வழியில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. பேடிங்டனிலிருந்து மேற்கே போகும் விரைவு வண்டிகள் எல்லாமே ஸ்லவில் நிற்பதில்லை. நிற்காத வண்டியில் ஏறினால் ரெடிங்கில் போய்த்தான் இறங்குவீர்கள். எலிசபெத் லைனில் ஹீத்ரோ என்று எழுதிய வண்டி ஸ்லவ் பக்கமே போகாது; மெய்டன்ஹெட் அல்லது ரெடிங் என்று எழுதியதில் ஏறுங்கள். தவறி ஹீத்ரோ வண்டியில் ஏறிவிட்டால் ஹேய்ஸ் அண்ட் ஹார்லிங்டனில் இறங்கி மாறலாம்.

6. எங்கே நிற்பது

2018 ஊர்வலம் கோட்டையிலிருந்து காசில் ஹில், ஹை ஸ்ட்ரீட், ஷீட் ஸ்ட்ரீட், கிங்ஸ் ரோடு, ஆல்பர்ட் ரோடு வழியாகச் சென்று, லாங் வாக் என்னும் நீண்ட மரவரிசைப் பாதையில் கோட்டைக்குத் திரும்பியது. மொத்தம் 25 நிமிடம். இதைச் சொல்வதற்குக் காரணம் ரயில்தான். ஹை ஸ்ட்ரீட்டில் நிற்பவர்களை ஊர்வலம் முதலில் கடக்கிறது, இரண்டு நிலையங்களும் அங்கிருந்து பக்கம். லாங் வாக்கில் இடம் தாராளம், பெரிய திரையும் இருக்கும், குழந்தைகள் உட்காரலாம். ஆனால் ஊர்வலம் அங்கே கடைசியில்தான் வரும், நிலையத்துக்கும் வெகுதூரம் திரும்பி நடக்க வேண்டும். சீக்கிரம் வீடு திரும்ப வேண்டியவர்கள் முதலாவதையும், மாலைவரை இருக்க ஏற்பாட்டோடு வருகிறவர்கள் இரண்டாவதையும் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் நடுவே எங்கோ நின்றுவிட்டுக் கூட்டத்தின் மையத்தில் மாட்டிக்கொள்வதுதான் மோசமானது.

7. திரும்புதல்

ஊர்வலம் முடிந்ததும் இரண்டு நிலையங்களிலும் வரிசை முறை அமலுக்கு வரும். ஒரு நடைமேடையில் ஆயிரக்கணக்கானோரை அடைக்க முடியாது என்பதால், கூட்டத்தை நிலையத்துக்கு வெளியிலேயே தடுத்து, ஒரு வண்டிக்கு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு பேரை மட்டும் உள்ளே அனுப்புவார்கள். வரிசையின் வால் எங்கே என்பதைப் பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிலைய வாசலுக்கு நேரே போய் நின்றால் மறுபடி பின்னால் அனுப்பப்படுவீர்கள். ரிவர்சைடில் வேறு வேறு நிலையங்களுக்கு வேறு வரிசை போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

உங்கள் முன் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஊர்வலம் உங்களைக் கடந்த அந்தக் கணத்திலேயே நடையைக் கட்டுவது. பத்து நிமிடம் தாமதித்தாலும் உங்கள் முன் பல நூறு பேர் சேர்ந்துவிடுவார்கள். கைக்குழந்தையோடும் முதியவரோடும் வந்தவர்களுக்கு இது ஒத்துவராது.

இரண்டாவது, அவசரப்படாமல் இருப்பது. தேம்ஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து அக்கரையிலுள்ள ஈட்டன் பக்கம் போய் உண்டு, ஓய்வெடுத்து, மாலை ஐந்து மணிக்கு மேல் நிலையம் வருவது. பாலத்தின் மீது மோட்டார் வாகனங்கள் செல்வதில்லை, நடப்பவர்களுக்கு வசதி. கையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. அன்று கடைகளிலும் வரிசைதான். எனக்குப் பிடித்தது இந்த வழி.

மூன்றாவது, நடந்தே ஒற்றைத் தண்டவாளத்தைத் தவிர்ப்பது. எலிசபெத் லைனுக்கோ பேடிங்டனுக்கோ போக வேண்டியவர்கள் ஈட்டன் வழியாக ஸ்லவ் நிலையத்துக்கு நடக்கலாம். ஏறத்தாழ ஒரு மணி நேர நடை, மேடு பள்ளம் அதிகம் இல்லை. ஸ்லவை அடைந்துவிட்டால் நான்கு தண்டவாளங்கள் கொண்ட முதன்மைப் பாதை, வண்டிக்குப் பஞ்சமில்லை. ஆறு நிமிட ரயிலுக்காக ஒன்றரை மணி நேரம் நிற்பதைவிட இது மேல். ரிவர்சைடு வழியில் அடுத்த நிலையமான டாட்செட்டுக்கும் இரண்டு மைல் நடந்து போகலாம்தான், ஆனால் அங்கே வருவது விண்ட்சரிலேயே நிரம்பிவிட்ட வண்டி. ஆகவே அதில் பலன் குறைவு. நடக்கும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று காவலரிடம் கேளுங்கள்.

8. தாமதமானால் இழப்பீடு

இரு நிறுவனங்களிலும், சேர வேண்டிய நேரத்துக்கு 15 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் டிலே ரீபே முறையில் கட்டணத்தின் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கணக்கில் கொள்ளப்படுவது அன்றைக்கென்று வெளியிடப்பட்ட கால அட்டவணை; வழக்கமான நாளின் அட்டவணையை வைத்து வாதிட முடியாது. நிலையத்துக்கு வெளியே வரிசையில் நின்ற நேரத்துக்குப் பணம் வரும் என்று நம்பி இருக்காதீர்கள்.

விண்ணப்பத்துக்குச் சீட்டின் படம் தேவை. அட்டைச் சீட்டு வைத்திருப்பவர்கள் இதில் ஏமாறுகிறார்கள்: திரும்பும் பயணத்தின் முடிவில் லண்டன் நிலையத் தானியங்கிக் கதவு சீட்டை விழுங்கிக்கொள்ளும், திரும்பத் தராது. ஆகவே வண்டிக்குள் உட்கார்ந்ததும், புறப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, சீட்டைப் படம் எடுத்துவிடுங்கள்.